நோயாளியை விட்டு விலகவா நர்சுக்கு மேல்படிப்பு?



பிளஸ் 2 முடித்த பெண்ணை என்ன படிக்க வைக்கலாம் என்று எத்தனையோ சகோதரிகள் எழுதிவிட்டனர். நர்சிங் முடித்து, வேலைக்கும் போய்விட்ட பெண், அதற்கு மேல் என்ன படிக்கலாம் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆறு மாதமாக எங்கள் வீட்டில் நடந்த சண்டையே அதுதான். அதில் நான் கற்றுக்கொண்டதை, என்னைப் போல நர்ஸ் பெண்ணைப் பெற்ற மற்ற தாய்மார்களுக்கும் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மூத்த மகள் பி.எஸ்சி., நர்சிங் நான்கு வருடம் படித்தவள். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை. மருங்காபுரியிலிருந்து தினமும் போய் வருவது நடக்காத காரியம் என்பதால், ஸ்ரீரங்கத்தில் என் நாத்தனார் வீட்டில் தங்கியிருக்கிறாள். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. காலையில் காவிரிப் பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தால், சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுவாளாம்.

அப்படியிருந்த பெண், 'அம்மா, நான் மேலே படிக்கப் போறேன்' என்றதும் எனக்கு மகிழ்ச்சிதான். எம்.எஸ்சி., முடித்தால் நர்சிங் காலேஜில் டீச்சர் வேலை கிடைக்கும், காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம், ஞாயிறு லீவு என்று மனக்கோட்டை கட்டினேன். நாத்தனாரும், 'அண்ணி, லெக்சரர்னு சொன்னா மாப்பிள்ளை வீட்டுலயும் மதிப்பா இருக்கும். நைட் டூட்டின்னு சொன்னா முகத்தைச் சுளிக்கிறாங்க' என்றார். என் கணவர், 'பீஸ் எங்கே கம்மியோ, அங்கே சேர்த்துடுவோம்' என்றார்.

மகளோ, 'எனக்கு டீச்சர் வேலை வேணாம்மா. நான் நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கப் போறேன். அதுவும் கிரிட்டிக்கல் கேர்ல' என்று ஒரே போடாகப் போட்டாள்.

'அது என்னடி, டாக்டரும் இல்லாம நர்ஸும் இல்லாம ஒரு படிப்பு?' என்று கத்தினேன். தெரியாமல் கத்தியதுதான். அதன் பிறகு அவள் உட்கார வைத்துச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்பது, சாதாரண நர்ஸ் வேலைக்கு மேல் கூடுதலாகப் படித்து, நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து, என்ன நடக்கிறது என்று கணித்து, வரையறுத்த அளவுக்குள் சிகிச்சையும் செய்யத் தெரிந்த நர்ஸ். 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை டாக்டரும் சேர்ந்து இந்தப் படிப்பை முதன்முதலாகத் தொடங்கினார்கள். குழந்தைகளைப் பார்க்கப் போதிய டாக்டர் இல்லாத இடங்களை மனதில் வைத்துத் தொடங்கியது அது. ஃபோர்டு அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து, 2025 ஜனவரியில்தான் காலமானார். இன்று அமெரிக்காவில் குடும்ப நலம், முதியோர், குழந்தைகள், பச்சிளங்குழந்தை, மகளிர், மனநலம் என்று எந்த வகை நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் இந்தப் படிப்பில் சேர வேண்டுமாம்.

நம் நாட்டுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. 2017ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கையில் நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்திய நர்சிங் கவுன்சிலும் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருட எம்.எஸ்சி., படிப்பைக் கொண்டுவந்தது.

இப்போது பி.எஸ்சி., நர்சிங் முடித்த பெண்ணுக்கு முன்னால் முக்கியமாக மூன்று பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, வழக்கமான எம்.எஸ்சி., நர்சிங். இரண்டு வருடம். மருத்துவம் - அறுவை சிகிச்சை, மகப்பேறு - மகளிர் நலம், குழந்தைகள் நலம், சமூக நலம், மனநலம் என்று ஐந்து பிரிவுகள். சேருவதற்கு பி.எஸ்சி.,யில் 55 சதவீத மதிப்பெண்ணும், ஒரு வருட வேலை அனுபவமும் கேட்கிறார்கள். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுத வேண்டும். காலேஜில் பாடம் நடத்தப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

இரண்டாவது, என் மகள் சொன்ன தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர். இதுவும் இரண்டு வருடம்தான், இதற்கும் குறைந்தது ஒரு வருட அனுபவம் வேண்டும். ஆனால் நடக்கும் விதம் வேறு. நேரத்தில் 20 சதவீதம்தான் வகுப்பு, மீதி 80 சதவீதம் நோயாளி பக்கத்தில். உடற்கூறு மாற்றங்கள், மருந்தியல், பரிசோதனை முறை மூன்றையும் ஆழமாகச் சொல்லித் தருகிறார்கள். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தபடி படிக்கும் 'ரெசிடென்சி' முறை என்பதால் சம்பளமோ, உதவித்தொகையோ தர வேண்டும் என்றும் ஏற்பாடு.

மூன்றாவது, பிரசவத்துக்கான நர்ஸ் பிராக்டிஷனர். 2018ல் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி 18 மாதப் பயிற்சி. டிப்ளமோ முடித்த நர்சுகளும் சேரலாம், பிரசவம் பார்த்த அனுபவம் வேண்டும். இதைச் சொன்னதும் என் நாத்தனார், 'பட்டம் படிச்சுட்டு மருத்துவச்சி வேலைக்கா?' என்றார். அப்படி இளக்காரமாகப் பேசக் கூடாது, சகோதரிகளே. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் தேவைப்படாத தாயை அருகிலிருந்து தைரியம் சொல்லி, சுகப்பிரசவத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த ஒரு கை இன்று எவ்வளவு தேவை என்பது, பேறுகாலம் பார்த்த நம் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு கேட்ட பிறகும் என் மனசு மாறவில்லை. 'நைட் டூட்டி இல்லாத படிப்பா பாரு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றியது என் மாமியாருக்கு வந்த நோவு.

ஐப்பசி மாத மழையில், ராத்திரி ஒரு மணி இருக்கும். அத்தைக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பக்கத்திலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டூட்டி டாக்டர் சிக்கலான ஒரு பிரசவ கேஸில் உள்ளே இருந்தார். வெளியே ஒரே ஒரு சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும். அத்தையை நிமிர்த்தி உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்தார். பிரஷர் பார்த்தார், இ.சி.ஜி., எடுத்தார். பிரசவ அறைக் கதவருகே போய் டாக்டரிடம் நாலே வார்த்தையில் நிலைமையைச் சொன்னார். டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டார். 108க்கும் அவரே போன் செய்தார். திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில், 'நுரையீரலில் நீர் கோர்த்திருந்தது. நேரத்தில் ஊசி போட்டதால் பிழைத்தார்கள்' என்றார்கள். அத்தை இன்று திண்ணையில் உட்கார்ந்து என்னை அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார்.

பத்து நாள் கழித்து, அந்த சிஸ்டருக்கு நன்றி சொல்லப் போனேன். 'இதெல்லாம் எங்கேம்மா படிச்சீங்க?' என்றேன். 'எங்க காலத்துல இதுக்குன்னு தனிப் படிப்பு ஏதும்மா? இருபத்தஞ்சு வருஷமா பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்' என்றார். என் மகளைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். 'நல்லா படிச்ச பிள்ளைங்க எல்லாம் காலேஜுக்குப் போயிடுதுங்க. இங்க புதுசா வர்ற பிள்ளைக்குப் பக்கத்துல நின்னு கத்துக்கொடுக்க ஆளில்லம்மா' என்றார். அதோடு விடவில்லை. 'ஆனா ஒண்ணு சொல்றேன். நைட் டூட்டி பார்த்து என் முதுகு போயிடுச்சு. என் பிள்ளைங்க வளர்ந்ததை நான் சரியாப் பார்க்கல. அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கச் சொல்லுங்க' என்றார்.

இரண்டுமே உண்மை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அத்தைக்கு மட்டும் கெட்டிக்கார சிஸ்டர் ராத்திரியில் விழித்திருக்க வேண்டும். என் மகள் மட்டும் பகலில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இது என்ன நியாயம்?

இதுதான் என் கருத்து. நம் வீடுகளில் நர்சுக்கு மேல்படிப்பு என்றாலே, நோயாளியிடமிருந்து தப்பித்துப் போகும் வழி என்று நினைக்கிறோம். படிக்கப் படிக்க டாக்டர் நோயாளியை விட்டு விலகுவதில்லை. இதய டாக்டர், நரம்பு டாக்டர் என்று இன்னும் நெருங்கித்தான் போகிறார். நர்ஸ் மட்டும் படித்ததும் வார்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? நோயாளி பக்கத்திலேயே நின்று மேலே போக ஒரு படிப்பு வந்திருக்கும்போது, 'இது வேண்டாம்' என்று தாயே தடுக்கலாமா?

டீச்சர் வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல டீச்சர் இல்லாவிட்டால் நல்ல நர்ஸ் ஏது? சொல்லித் தருவதில் ஆசையுள்ள பெண் தாராளமாக அதைப் படிக்கட்டும். வரன் வேண்டும், லீவு வேண்டும் என்பதற்காக மட்டும் போக வேண்டாம்.

பிரிவு விஷயத்திலும் இதே தவறைத்தான் செய்கிறோம். எங்கள் உறவில் ஒரு பெண். குழந்தைகள் வார்டில் மூன்று வருடம் ஆசையாக வேலை பார்த்தவள். எம்.எஸ்சி.,க்குப் போனபோது அந்தப் பிரிவில் இடமில்லை. 'எதுவா இருந்தா என்ன, பட்டம் ஒண்ணுதானே' என்று மனநலப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அவள் சேர்ந்த காலேஜில் அந்தப் பிரிவுக்கென்று சொந்தமாக ஒரு வார்டுகூட இல்லை. நோயாளியைப் பார்த்ததைவிட ரெக்கார்டு நோட்டு எழுதியதுதான் அதிகம். இன்று அவள் அந்தப் பிரிவிலும் இல்லை, குழந்தைகள் வார்டுக்கும் திரும்பவில்லை, வீட்டில் இருக்கிறாள்.

மனநலப் பிரிவு மட்டமானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2017ல் வந்த மனநலச் சட்டத்தில் மனநல நர்ஸ் என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதற்கென்று மனமுள்ள பெண் அதைப் படித்தால் எத்தனை குடும்பங்கள் வாழ்த்தும்! அதேபோல சமூக நலப் பிரிவை, 'ஊர் ஊராகச் சுற்றும் வேலை' என்று ஒதுக்குகிறார்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்க்க நர்ஸும் வருகிறார். எங்களைப் போன்ற கிராமத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

'எந்தப் பிரிவுன்னு எப்படிடி முடிவு பண்ணினே?' என்று மகளைக் கேட்டேன். 'டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகும் எந்த நோயாளியோட நினைப்பு வருதோ, அதுதாம்மா என் பிரிவு. வென்டிலேட்டர்ல இருந்தவரு இன்னிக்குத் தானா மூச்சு விட்டாரான்னு கேட்க, லீவு நாள்லயும் போன் பண்றேனே, பார்த்ததில்லையா?' என்றாள். பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி அவளை லீவிலும் விடுவதில்லை என்று திட்டியும் இருக்கிறேன். ஒரு வருடம் வேலை பார்த்த பிறகே மேல்படிப்பு என்று விதி வைத்ததும் நல்லதற்குத்தான் என்று தோன்றுகிறது. எந்த வார்டில் மனசு நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு வருடமாவது வேண்டாமா?

மனசு மட்டும் போதாது, விசாரிக்கவும் வேண்டும். அது பெற்றோர் வேலை. நானும் என் கணவரும் விசாரித்தபோது தெரிந்துகொண்டவை இவை:

* அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். இத்தனை காலம் இந்திய நர்சிங் கவுன்சில்தான் இதைக் கவனித்தது. 2023ல் வந்த புதிய சட்டத்தில், அதன் இடத்துக்குத் தேசிய நர்சிங் ஆணையம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காலேஜ் இருக்கிறது என்பது போதாது. நீங்கள் சேரப்போகும் அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழக இணைப்பையும் கேளுங்கள்.

* காலேஜ் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். அந்தப் பிரிவில் எத்தனை படுக்கை, அதில் நோயாளி இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். 80 சதவீதம் நோயாளி பக்கத்தில் படிக்க வேண்டிய படிப்புக்கு, நோயாளியே இல்லாத இடத்தில் என்ன படிப்பது?

* உதவித்தொகை உண்டு என்று வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு, பீஸ் ஒரு செலவு என்றால், இரண்டு வருடம் சம்பளம் நின்றுபோவது இன்னொரு செலவு.

* அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டால் தராத இடமாக இருந்தால், சேராமல் திரும்பி வந்துவிடுங்கள்.

* முன்பு அங்கே படித்த இரண்டு பெண்களையாவது தேடிப் பிடித்து, இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை அவர்கள் சொல்வார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர், டாக்டருக்குப் போட்டி அல்ல. ஆஸ்பத்திரி வகுத்த விதிமுறைக்குள், டாக்டர்களோடு சேர்ந்து வேலை செய்பவர். தனியாக போர்டு மாட்டி கிளினிக் வைக்கும் படிப்பு இல்லை. வெளிநாட்டுக்குப் போனதும் அங்கேயும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தந்த நாட்டின் தேர்வும் உரிமமும் தனி.

படித்தவர்களுக்கென்று தனிப் பதவி, தனிச் சம்பளம் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வந்துவிடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. படிக்கச் சொல்லிவிட்டு, முடித்ததும் பழைய சம்பளத்துக்கே நிற்க வைத்தால் யார் படிக்க வருவார்கள்? அரசு ஆஸ்பத்திரிகளிலாவது, அதிலும் கிராமத்துப் பக்கம், இவர்களுக்கென்று பணியிடம் உண்டாக்க வேண்டும். மருங்காபுரி மாதிரி ஊர்களிலிருந்து திருச்சி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில்தான் உயிர் ஊசலாடுகிறது.

என் மகள் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ... கிடைக்காவிட்டால், இன்னொரு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடியும் போடுவாளாம். எங்கேயோ மிச்சமிருக்கும் பிரிவில் சேர்க்க மாட்டோம் என்று நானும் என் கணவரும் வாக்குக் கொடுத்துவிட்டோம். நாத்தனாருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனாலும், மகள் நைட் டூட்டி முடித்து வந்து தூங்கும்போது டி.வி., சத்தத்தைக் குறைத்து வைக்கிறாராம். அதுவே பெரிது.

வரன் பேச வருகிறவர்களிடம், 'பொண்ணு ராத்திரி வேலைக்குப் போவா. காலையில வந்தா காபி நாம போட்டுக் கொடுக்கணும். சம்மதமா?' என்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன். இரண்டு வீட்டார் எழுந்து போய்விட்டனர். மூன்றாவதாக வந்த வீட்டில், பையனின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. 'யோசிச்சுச் சொல்றோம்' என்று போயிருக்கிறார். அவரும் இந்தப் பகுதியைப் படிப்பவர் என்றார். படித்தால் யோசிக்கட்டும்.

நர்ஸ் மகள், நர்ஸ் மருமகள் உள்ள சகோதரிகளே, உங்கள் வீட்டில் என்ன முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்களேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மருங்காபுரி, திருச்சி மாவட்டம்.